20 மில்லிமீற்றர் குழாய்க்குள் எத்தனை வயர்? வன்னியின் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் மின்னிணைப்புப் பயிற்சிநெறிகளை நடத்தும் நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கும் போதனாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் படித்து வெளிவரும் பிள்ளைகளோடு வேலைத்தளங்களில் சேர்ந்து உழைக்கிறவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். அவர்களுடைய கைவேலையில் எனக்குக் குறையில்லை. இணைப்புகள் இறுக்கமாக இருக்கின்றன, எர்த் வயரை எவரும் விட்டுவிடுவதில்லை. ஆனால் ஒரு கொண்டியூற் குழாய்க்குள் (வயர்களைக் காக்கும் பி.வி.சி. குழாய்) எத்தனை வயர் போகலாம் என்று கேட்டால், "இழுத்துப் பார்ப்பம் அண்ணை" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அதைக் கணித்துச் சொல்லும் முறையை வகுப்பில் கற்பித்து, செய்முறைப் பரீட்சையிலும் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

போர்க்காலத்தில் தேசிய மின்வலையமைப்பே பல பகுதிகளுக்கு நெடுங்காலம் எட்டாதிருந்த நிலம் இது. 2009இற்குப் பின் எழுந்த வீட்டுத்திட்ட வீடுகளில் ஓடோ தகரமோதான் கூரை என்பதால், சுவரின் மேல் கேசிங் (மூடியுள்ள பிளாஸ்ரிக் சட்டம்) அடித்து வயரிங் செய்தோம். இடம் போதாவிட்டால் பக்கத்தில் இன்னொரு கேசிங் அடித்தால் காரியம் முடிந்தது. இன்று அதே காணிகளில் பிளாட் (கொங்கிறீற் தட்டுக் கூரை) வீடுகள் எழுகின்றன, அறைக்கு அறை குளிரூட்டி கேட்கிறார்கள். கம்பி கட்டி முடிந்த பின்னேரம் குழாய்களைப் பதிக்கிறோம், மறுநாள் காலை கொங்கிறீற் விழுகிறது, அதன்பின் குழாயின் அளவை எவராலும் மாற்ற முடியாது. வயர் இறங்காத குழாய்க்காகப் பூச்சு முடிந்த சுவரைக் கொத்திய வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அங்கெல்லாம் பழி மேசனுக்கும் வயரிங் செய்தவருக்கும் இடையில் பந்தாடப்பட்டதே தவிர, குழாயைத் தெரிவு செய்தபோது யாராவது கணக்குப் பார்த்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கணக்குப் பார்க்க விரும்பும் சில இளைஞர்கள் கைத்தொலைபேசிச் செயலிகளை நாடுகிறார்கள். முயற்சி நல்லதுதான், ஆனால் அவற்றிற் பல அமெரிக்காவின் தேசிய மின் விதிக்கோவையைப் பின்பற்றுபவை. அந்த விதிக்கோவை, குழாயின் உட்பரப்பில் (குறுக்குவெட்டுப் பரப்பில்) ஒரு வயர் என்றால் 53 வீதத்தையும், இரண்டு என்றால் 31 வீதத்தையும், அதற்கு மேல் 40 வீதத்தையும் அனுமதிக்கிறது. வயரின் அளவோ அமெரிக்க இலக்க முறையில் கேட்கப்படும். 2.5 சதுர மில்லிமீற்றருக்கு நெருங்கியது என்று நம் பிள்ளை 12ஆம் இலக்கத்தைத் தெரிவு செய்தால், அங்கு வழக்கமான மெல்லிய காப்புறை கொண்ட அந்த வயரின் வெளிவிட்டம் சுமார் 3.3 மில்லிமீற்றர், நாம் கடையில் வாங்கும் 7/0.67 வயரோ (0.67 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு செம்பு இழைகள், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர்) அதைவிடச் செம்பு குறைந்ததாக இருந்தும் சுமார் 3.6 மில்லிமீற்றர் வருகிறது. ஆகவே செயலி காட்டும் எண்ணிக்கை நம் குழாய்க்குப் பொருந்தாது. வேணியர் இடுக்கிமானியால் வயரையும் குழாயின் உள்விட்டத்தையும் அளந்து பரப்பைக் கையாலேயே கணித்தால் இந்தப் பிழை நீங்கும்.

அப்போதும் ஒரு குறை எஞ்சுகிறது. வீதக் கணக்குக்கு வளைவும் தெரியாது, நீளமும் தெரியாது. நமது நாட்டு வயரிங் தழுவி நிற்கும் பிரித்தானிய பி.எஸ். 7671 மின்னிணைப்பு விதிகளுக்குத் துணையாக வரும் களக் கையேடு இதற்கு வேறு வழியைத் தருகிறது: ஒவ்வொரு வயருக்கும் ஓர் எண், ஒவ்வொரு குழாய்க்கும் அதன் நீளத்தையும் வளைவுகளையும் பொறுத்து ஓர் எண், வயர்களின் எண்களைக் கூட்டினால் வரும் தொகை குழாயின் எண்ணைத் தாண்டக்கூடாது. கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

ஒரு குளிரூட்டிக்கும் இரு பிளக் சுற்றுகளுக்குமாக, சுற்றுக்கு மூன்றாக 7/0.67 வயர் ஒன்பதை 20 மில்லிமீற்றர் குழாயில் 3 மீற்றர் தூரம் கொண்டுபோக வேண்டும் என்று வைப்போம். வளைவுள்ள குழாய் ஓட்டத்தில் இந்த வயரின் எண் 30, ஒன்பதுக்கு 270. ஒரே வளைவு இருந்தால் குழாயின் எண்ணும் 270தான், மயிரிழையில் தப்பும். இரண்டாவது வளைவு வந்தால் 233 ஆகிவிடும், ஏழு வயருக்கு மேல் இடமில்லை. அதே ஓட்டத்துக்கு 25 மில்லிமீற்றர் குழாய் என்றால் எண் 422, ஒன்பதும் தாராளமாக இறங்கும். வீதக் கணக்கோ, உள்விட்டம் 17 மில்லிமீற்றர் என்று கொண்டால், வளைவு எத்தனை இருந்தாலும் எட்டு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பிளாட்டில் இருந்து சுவருக்கு இறங்கும் குழாயில் இரண்டு வளைவு வருவது நமக்கு அன்றாடம்.

இழுத்தால் வந்துவிடுகிறதே என்பவர்களுக்கு ஒரு சொல். சவர்க்காரம் தடவி, இருவர் சேர்ந்து இழுத்தால் பத்தாவது வயரும் வரத்தான் செய்யும். வளைவில் உரசிய காப்புறையை நாம் பார்ப்பதில்லை. சம தடிப்புள்ள மூன்று வயர்களை இழுக்கும்போது, குழாயின் உள்விட்டம் வயரின் வெளிவிட்டத்தைப் போல ஏறத்தாழ 3 மடங்காக இருந்தால், இடம் இருப்பதாகத் தோன்றினாலும் அவை வளைவில் வரிசையாக நின்று இறுகிக்கொள்ளும்.

வெப்பம் தனிக் கணக்கு. இதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். குழாய்க்குள் தனியே செல்லும் ஒற்றைச் சுற்றுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் பி.வி.சி. வயர் 24 அம்பியர் தாங்கும் என்பது 30 பாகை செல்சியஸ் சூழலுக்கு உரிய அளவு. மூன்று சுற்றுகள் ஒரே குழாயில் முழுச் சுமையோடு சென்றால் 0.70ஆலும், சூழல் 35 பாகை ஆனால் 0.94ஆலும் பெருக்க வேண்டும். மிஞ்சுவது 16 அம்பியருக்கும் சற்றுக் குறைவு. அந்தச் சுற்றுக்கு 20 அம்பியர் பிரேக்கர் போட்டால் அது வயரைக் காக்காது. வன்னியின் கோடையில் வெயில் குடித்த பிளாட்டுக்குள் 35 பாகை என்பதே தாராள மனத்தோடு சொன்ன கணக்கு. ஆகவே எண் இடம் கொடுத்தாலும் குளிரூட்டிச் சுற்றுக்குத் தனிக் குழாய் போடுவதையே நான் விரும்புவேன்.

கேசிங்குக்குக் கணக்கு எளிது: உட்பரப்பில் 45 வீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது.

நான் கேட்பவை அதிகச் செலவு வைப்பவை அல்ல. 20, 25 மில்லிமீற்றர் குழாய்களுக்கும் நாம் வழக்கமாக வாங்கும் வயர் அளவுகளுக்கும் உரிய எண்களைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, நெகிழியுறை இட்டு, ஒவ்வொரு மாணவரின் கருவிப்பையிலும் வையுங்கள். செய்முறைப் பரீட்சையில் இரு வளைவுள்ள ஓட்டம் ஒன்றைக் கொடுத்து, வயரைத் தொடுமுன் குழாயின் அளவை எழுதச் சொல்லுங்கள். பிளாட் வரைபடத்தில் ஒவ்வொரு குழாயின் அருகிலும் அதன் அளவையும் வயர் எண்ணிக்கையையும் குறிக்கப் பழக்குங்கள். கொங்கிறீற் போடுவதற்கு முதல் நாள் வீட்டுக்காரரும் மேசனும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். அடுத்த பிரிவு மாணவர்கள் பயிற்சிக்கு வருமுன் இதைத் தொடங்க முடியுமா என்பதை அறியத் தந்தால், தாளைத் தயாரிக்கும் வேலையில் என்னைப் போன்றவர்களும் கைகொடுப்போம்.

இங்ஙனம்,
கிளிநொச்சியில் வயரிங் வேலை செய்யும் ஒருவர்