கிறிஸ்துமஸ் மெட்டில் ஜாஸ்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது பேப்பரைத் தானே படித்து எங்களுக்கு அரசியல் பாடம் எடுக்கிறார். உங்கள் கோயில் பாடகர் குழுவை மறுபடி உன் தலையிலேயே கட்டிவிட்டார்கள் போலிருக்கிறதே!

ஜாஸ் பிடிபட மாட்டேன் என்கிறது, எங்கே ஆரம்பிக்கட்டும் என்று கேட்டிருந்தாய். கிறிஸ்துமஸ் இசைத்தட்டுகளில் ஆரம்பி. சிரிக்காதே, யோசித்துத்தான் சொல்கிறேன். கீர்த்தனை தெரிந்தவனுக்குத்தானே சங்கதியில் வித்வான் என்ன செய்தார் என்று புரியும்? ஜாஸ்காரர்கள் எடுத்து வாசிக்கும் பழைய பிராட்வே (நியூயார்க் இசை நாடக) மெட்டுகளை நாம் எங்கே கேட்டோம்? ஆனால் 'ஜிங்கிள் பெல்ஸ்' உனக்குத் தூக்கத்திலும் வரும். அதை வாசிக்கிறவர் எந்த இடத்தில் மெட்டை விட்டு நழுவுகிறார், எப்படிச் சுற்றி வந்து சேருகிறார் என்று தானாகவே காதில் விழுந்துவிடும். 1948 டிசம்பர் 25 அன்று நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் கிளப்பில் சார்லி பார்க்கர் சாக்ஸபோனில் வாசித்த 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பதிவைக் கேட்டுப் பார், தெரியும்.

பெரும்பாலும் இவையெல்லாம் வியாபாரத்துக்காகப் போட்ட தட்டுகள்தான். டிசம்பரில் விற்க வேண்டுமானால் பதிவை முன்கூட்டியே முடித்தாக வேண்டும். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் முதல் கிறிஸ்துமஸ் ஆல்பத்தை 1960இல் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பாடினார். 1962 ஆகஸ்டில் டிரம்பெட் வாசிக்கும் மைல்ஸ் டேவிஸின் முறை. கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி அவரிடம் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டது. அவர் பாட்டெழுதிப் பாடும் பாப் டோரோவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். வந்து சேர்ந்தது 'ப்ளூ எக்ஸ்மஸ்'. பண்டிகையின் பேரில் நடக்கும் பேராசையைத் திட்டும் பாட்டு! கம்பெனியும் அதை அப்படியே வெளியிட்டது. நல்ல பாட்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும்.

எனக்கு இருப்பதிலேயே உசத்தி டியூக் எலிங்டன் இசைக்குழுவின் 'நட்கிராக்கர் சூட்'. அதுவும் 1960தான். சாய்கோவ்ஸ்கியின் பாலே இசையை எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் பிரித்து மறுபடி கட்டினார்கள். 'சுகர் பிளம் ஃபேரி' நடனம் உனக்கு ஞாபகம் இருக்கும். மூலத்தில் செலஸ்டா என்ற வாத்தியம், மேல் ஸ்தாயியில், கண்ணாடி மணி மாதிரி. இவர்கள் அதற்கு 'சுகர் ரம் செர்ரி' என்று குறும்பாகப் பேர் வைத்தார்கள். முதலில் டிரம்ஸ் மட்டும் மெத்தனமாக நடக்கும். அப்புறம் பால் கொன்சால்வெஸின் டெனர் சாக்ஸபோன், மூச்சுக் காற்றோடு சேர்ந்து வழிகிற மாதிரி. அதே மெட்டுதான், ஒரு ஸ்வரத்தைக்கூட மறைக்கவில்லை. ஆனால் தேவதை இப்போது நடுராத்திரி நைட் கிளப்பிலிருந்து இறங்கி வருகிறாள்! உன் போதகருக்குப் போட்டுக் காட்டிவிடாதே.

மகள் பியானோவில் தேறிவருகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்குப் பியானோக்காரர் வின்ஸ் குவரால்டி. 1965இல் சார்லி பிரவுன் கார்ட்டூனுக்காக மூன்றே பேர் வாசித்த இசை: பியானோ, பாஸ், டிரம்ஸ். சிபிஎஸ் தொலைக்காட்சி அதிகாரிகளுக்கு அந்த நிகழ்ச்சியே பிடிக்கவில்லை, குழந்தைகள் கார்ட்டூனுக்கு ஜாஸா என்றார்கள். டிசம்பர் 9 அன்று ஒளிபரப்பானதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அதில் பாடும் பிள்ளைகள் கலிஃபோர்னியாவின் சான் ரஃபேலில் ஒரு கோயில் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்கள். அங்கங்கே சுருதி கொஞ்சம் விலகும், அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். உன் குழுப் பிள்ளைகளை அதட்டுமுன் அதை ஒருமுறை கேள்.

'லைனஸ் அண்ட் லூசி' என்ற மெட்டும் அந்தக் கார்ட்டூன் இசை ஆல்பத்தில் உண்டு. உண்மையில் அது கிறிஸ்துமஸுக்கு எழுதியதே இல்லை, 1964இலேயே வேறொரு தட்டில் வந்துவிட்டது. இடது கை ஒரே உருட்டலைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, வலது கை அதன் மேல் தாளம் தப்புகிற மாதிரி விழும். எடுத்த எடுப்பில் இரண்டு கையையும் சேர்க்க வேண்டாம் என்று அவளிடம் சொல். ஒரு வாரம் இடது கை மட்டும், மெதுவாக.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். உங்கள் கேரல் பட்டியலையும் எழுது.

உன்,
முரளி