விடுமுறைச் செய்தியைப் படிக்கவும் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் நீலகிரியில் மாணவர்களின் கைப்பேசிகளை முதலில் சுற்றிவருவது விடுமுறைச் செய்திதான். கடந்த ஆண்டு ஆடி மழையின்போது, கோத்தகிரியில் என் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'நீலகிரி மாவட்டப் பள்ளிகளுக்கு நாளை விடுமுறை' என்ற வாட்ஸ்அப் படத்தை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டாள். அன்று விடுமுறை விடப்பட்டிருந்தது கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு மட்டுமே. படத்தை வாங்கிப் பார்த்தேன். தேதி இருந்திருக்க வேண்டிய மேற்பகுதி வெட்டப்பட்டிருந்தது. "அஞ்சு குரூப்புல வந்துச்சு தாத்தா, எப்படிப் பொய்யா இருக்கும்?" என்று கேட்டாள். ஒரே குரல் ஐந்து மலைகளில் பட்டுத் திரும்புவதை ஐந்து பேர் சொன்ன சாட்சியமாக அவள் எண்ணிவிட்டாள். பல்லாண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திய நானும் இந்த வேறுபாட்டை ஒருநாளும் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் மாவட்டத்தில் ஆறு வட்டங்கள் உள்ளன. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டித் தீர்க்கும்போது கோத்தகிரியில் தூறலோடு நின்றுவிடுவதும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூரும் கோத்தகிரியும் பாதிக்கப்படுவதும் இங்கு வளரும் பிள்ளைகள் கண்ணால் காண்பவைதான். அப்படியிருந்தும் எந்த வட்டத்துக்கு, எந்த நாளுக்கு, யார் அறிவித்தது என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வரவில்லை. இதனால் ஒரு நாள் வருகைப் பதிவு போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த மலை இது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. பொய் எச்சரிக்கைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்த ஒரு வீடு, உண்மையான சிவப்பு எச்சரிக்கை வரும் இரவில் 'இதுவும் ஃபார்வர்டுதான்' என்று கதவைச் சாத்திப் படுத்துவிடுமோ என்பதே என் அச்சம்.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணம் செய்த ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியபோது நடந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிந்தபடி வானிலிருந்து விழும் ஹெலிகாப்டரைத் தொலைவிலிருந்தும் தெளிவாகக் காட்டிய ஒரு காணொளி, குன்னூர் விபத்து என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. அது 2020இல் சிரியாவில் எடுக்கப்பட்டது என்பது பின்னர் உறுதியானது. அன்று மலை ரயில் பாதையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் எடுத்த உண்மையான காட்சியிலோ, ஹெலிகாப்டர் பனிமூட்டத்துக்குள் நுழைந்து மறைவது மட்டுமே தெரிந்தது. டிசம்பர் மாதத்துக் குன்னூரை அறிந்த ஒரு மாணவன் அந்தப் பொய்க் காட்சியை ஒரு நிமிடம் நிதானமாகப் பார்த்திருந்தால், 'இந்த வானம் நம் ஊர் வானம் அல்லவே' என்று கேட்டிருக்க முடியும். அந்தக் கேள்விக்குக் கணினி தேவையில்லை. தன் ஊரைப் பார்த்துப் பழகிய கண் போதும்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய பொய்க் காணொளிகள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரிக்கும் அளவுக்குப் போயின. எங்கள் தேயிலைத் தோட்டங்களில் அத்தொழிலாளர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள்.

செய்தியைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கெனப் புதிதாக ஒரு பாடநூலையும் ஒரு தேர்வையும் மாணவர் தலையில் ஏற்ற வேண்டாம். மதிப்பெண் வைத்தால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அண்டை மாநிலமான கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018 வாக்கில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்திகளை அடையாளம் காணும் வகுப்புகள் நடத்தப்பட்டன. நம் பள்ளிகளில் அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது: காலை வணக்கக் கூட்டத்தில் நாள்தோறும் ஒரு மாணவர் செய்தி வாசிக்கிறார். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகாமல், செய்தி எந்த ஊரிலிருந்து வந்தது, சொன்னவர் நேரில் பார்த்தவரா கேள்விப்பட்டவரா, படம் அன்றையதா 'கோப்புப் படமா' என்பதையும் அவர் சொல்லட்டும். வாரத்துக்கு ஒருமுறை, மாணவர்களுக்கு வந்த ஒரு ஃபார்வர்டை வகுப்பிலேயே பிரித்துப் பார்க்கட்டும். ஆனால் எதையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுப்பது இதில் சேராது. எல்லாவற்றையும் சந்தேகிப்பவனும், எல்லாவற்றையும் நம்புபவனைப் போலவே, விசாரிக்கும் உழைப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறான்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு வதந்தியை மறுத்துச் செய்தி வெளியிடும்போது, 'அது பொய்' என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், தங்கள் நிருபர் யாரைக் கேட்டு, எதைப் பார்த்து அதை உறுதி செய்தார் என்பதையும் இரண்டு பத்திகளில் எழுதுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே தங்கள் இதழின் நீலகிரிப் பக்கத்தில் இதைத் தொடங்கினால், காலைக் கூட்டத்தில் வாசிக்க எங்கள் பிள்ளைகளுக்கு அது பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.