என் முதல் ராப் தொகுப்புக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

மதுரைச் செல்லூரிலும் வைகையின் தென்கரையிலும் வெளியூர்களிலும் இருந்து என் முதல் ஹிப் ஹாப் ஆல்பத்தைக் கேட்டு, அழைத்தும் எழுதியும் வரும் அனைவருக்கும் வணக்கம். ஒவ்வொருவருக்கும் தனியே பதில் எழுத இயலாததால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் எதிர்வீட்டுத் தறிக்கார அண்ணனுக்கு உரியது. முதல் பாட்டில் தாளமாக ஒலிப்பது அவருடைய கைத்தறி. மிதியை அழுத்தும்போது எழும் கனத்த ஓசையையும், ஊடைநூலைச் சுமந்து நாடா இடமும் வலமும் ஓடி முட்டும் ஓசையையும் நான் கைப்பேசியில் பதிந்துகொள்வதற்காக மூன்று விடியற்காலைகள் பொறுமையாக நெய்துகாட்டினார். நிமிடத்துக்கு 90 தாள அடி என்று நான் கணினியில் வகுத்துவைத்திருந்த வேகத்தோடு தறி ஒட்டவே இல்லை. "தறி உன் கணக்குக்கு ஓடாது தம்பி, நீதான் அதுக்கு ஏத்தாப்புல பாடணும்" என்றார். பாட்டையே மாற்றி எழுதினேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது அந்தத் தாளத்தைப் பற்றித்தான்.

1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்த ஹிப் ஹாப் கலைக்கும் நம் யாப்புக்கும் உள்ள உறவை எனக்குக் காட்டியவர் பள்ளியில் பாடம் நடத்திய தமிழையா. ராப் பாடகர்கள் அடியின் இறுதியில் ஓசையை ஒன்றவைப்பது நம் இயைபுதான் என்றும், தமிழின் வலு இரண்டாம் எழுத்தில் அமையும் எதுகையில் இருக்கிறது என்றும் அவர் சொன்ன பிறகே என் வரிகள் நாவில் சரளமாக உருளத் தொடங்கின.

சீட்டுப்பணத்தில் மைக் வாங்கித் தந்த அக்காவுக்கும், எதிரொலி வராதிருக்க இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு வெறுந்தரையில் படுத்த அம்மாவுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"வந்தாய்ங்க, போனாய்ங்க" என்ற எங்கள் பேச்சை மாற்றினால்தான் வெளியிடுவோம் என்று ஒரு நிறுவனம் சொன்னபோது, ஒலிக்கலவை செய்த நண்பன் ஒரு சொல்லையும் தொடவிடவில்லை. இன்று கோரிப்பாளையத்து டீக்கடையில் பிள்ளைகள் சேர்ந்து பாடுவது அந்த வரியைத்தான்.

நான்காம் பாட்டில் வேகத்துக்காகச் சொற்களை விழுங்கிவிட்டேன் என்று உசிலம்பட்டியிலிருந்து எழுதிய தவில் கலைஞருக்குச் சிறப்பாக நன்றி சொல்லவேண்டும். ஐயா, நீங்கள் சொன்னது சரி. மூச்சு விடும் இடங்களை மாற்றி அப்பாட்டை மீண்டும் பதிந்துகொண்டிருக்கிறேன். முடிந்ததும் உங்களுக்கே முதலில் அனுப்புவேன்.

அன்புடன்,
செல்லூரிலிருந்து உங்கள் தம்பி