சுயசான்றும் அனுமதிதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வீடு பற்றிய பக்கத்தில், ‘சுயசான்று வந்துவிட்டதால் மாடியில் ஓர் அறை எடுக்க இனி அனுமதி தேவையில்லை’ என்று ஒரு வரி வந்திருந்தது. இதை நம்பி மேஸ்திரிக்கு முன்பணம் கொடுப்பவர்கள் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல.

சுயசான்று என்பது, விதிப்படிதான் கட்டுகிறேன் என்று வீட்டுக்காரரே உறுதி கூறி இணையத்தில் அனுமதி பெறும் வழி. 2024 ஜூலையில் வந்த அந்தத் திட்டம் 2500 சதுர அடி வரையிலான மனையில், 3500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ உள்ள வீட்டுக்கு மட்டும்தான். பத்திரம், பட்டா, பிளான் எல்லாம் இணையத்தில் ஏற்றிக் கட்டணம் கட்டிய பிறகே அனுமதி கிடைக்கும். முன்கூட்டியே வந்து பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். 3500 என்பது கீழ்வீட்டையும் சேர்த்த கணக்கு. ஏற்கெனவே ஒரு மாடி இருந்தால் இரண்டாவதுக்கு இந்த வழி கிடையாது.

அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் 20.10.2016க்குள் வாங்கிய, வரன்முறைக்குத் தகுதியுள்ள மனையானாலும், அரசிடம் மனுச் செய்து வரன்முறை ஆகாதவரை பிளான் நகராது. காலமான அப்பா பேரிலேயே உள்ள வீடென்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். கீழ்வீட்டின் பழைய பிளான் நகல் கையில் இல்லையென்றால் சிக்கல் அங்கேயே ஆரம்பம்.

எங்கள் தொழிலில் அதிகம் பார்க்கும் தப்பு மாடிப்படி. உள்ளே இடமில்லையென்று பக்கவாட்டில் விட்ட காலி இடத்தில் படியை இறக்குவார்கள். பிளானில் காலி இடம், நேரில் படிக்கட்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு போட்டால் போதும், நோட்டீஸ் வந்துவிடும்.

அடுத்தது கம்பி. பின்னாளில் மாடி எடுக்கலாமென்று தூணுக்கு மேல் நீட்டிவிட்ட கம்பியைப் பத்து வருஷம் வெயிலிலும் மழையிலும் விட்டுவிடுகிறார்கள். தளத்தை ஒட்டி மழைநீர் தேங்கும் இடத்தில்தான் துரு அரிக்கும். மேலே தட்டிப் பார்த்தால் தெரியாது. அடியில் கான்கிரீட்டைக் கொத்தி, நல்ல கம்பி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். 16 மி.மீ. கம்பிக்கு அதன் தடிமனைப்போல் 50 மடங்கு, அதாவது 800 மி.மீ. மேல்சேர்க்கை (பழைய கம்பியும் புதுக் கம்பியும் சேர்ந்து நிற்கும் நீளம்) வேண்டும். ஓரடி நீட்டி இருக்கும் கம்பியில் கட்டுக்கம்பி சுற்றிவிட்டுத் தூண் எழுப்புவது ஆபத்து. தூணே இல்லாத ஒன்பது அங்குலச் சுவர் வீடென்றால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் மேலே ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

வேலூர்ப் பதிப்பில் கோட்டை பற்றி ஒரு வார்த்தை இல்லாததுதான் பெரிய வருத்தம். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. பழுது பார்க்கக்கூட அனுமதி வேண்டும். அதைத் தாண்டி மேலும் 200 மீட்டர் வரை, தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையோடு தனி அனுமதி வேண்டும். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநகராட்சி அனுமதி கையிலிருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

முன்பும் இதே பக்கத்தில், நம் ஊர்க்காரர்களைச் சி.எம்.டி.ஏ.வுக்கு மனுச் செய்யச் சொல்லியிருந்தீர்கள். அது சென்னைக்கான அமைப்பு. நமக்கு நகர் ஊரமைப்புத் துறையும் மாநகராட்சியும். அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் திருத்தமும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ‘சுயசான்றும் அனுமதிதான், கோட்டைப் பகுதிக்குத் தனி அனுமதி வேண்டும்’ என்று இரண்டு வரி போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பதிவுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.