பிரித்த பிறகு அளக்க முடியாது: மரபுக் கட்டடங்களை முன்கூட்டியே லேசர் ஸ்கேன் செய்யக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள், தொல்லியல் துறை

பொருள்: புனரமைப்புக்கு முன் லேசர் ஸ்கேனையும் டிஜிட்டல் மாதிரியையும் கட்டாயமாக்கக் கோருதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாளிகையின் மரக்கூரையைப் பிரித்தோம். ஒவ்வோர் உத்தரத்திலும் சாக்பீஸால் எண் எழுதி அடுக்கினோம். ஓர் இரவு மழையில் பாதி எண்கள் கரைந்தன. டேப்பால் அளந்து நான் போட்ட வரைபடத்தில் எல்லா உத்தரமும் ஒரே நீளம். தரையில் கிடந்தவையோ ஒன்றைப்போல் ஒன்று இல்லை. பல உத்தரங்கள் இடம் மாறியே மேலேறின.

பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவைத்திருந்த லேசர் ஸ்கேன், அதாவது கட்டடத்தின் பரப்பை லேசர் கதிரால் புள்ளி புள்ளியாக அளந்த பதிவு, நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுடன், மறுகட்டுமானத்துக்குக் கைகொடுத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2018இலேயே காலமாகிவிட்டார். ஒரு கட்டடம் உருமாறத் தீதான் வேண்டுமென்பதில்லை. அவசரமாக நடக்கும் பழுதுபார்ப்பே போதும்.

ஆகவே, சாரம் கட்டுவதற்கும் காரையைச் சுரண்டுவதற்கும் முன்பே ஸ்கேன் முடிந்திருக்க வேண்டும். சாரம் ஏறிவிட்டால் சுவரில் பாதி அதன் பின்னால் மறைந்துவிடும். மதிப்பீட்டில் இதைத் தனி இனமாகக் காட்ட வேண்டும். 'இதர செலவு' என்று போட்டால் முதலில் வெட்டப்படுவது இதுதான்.

அந்த ஸ்கேனைக் கொண்டு கணினியில் கட்டடத்தின் டிஜிட்டல் மாதிரி தயாரிப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. மென்பொருளில் சுவர் வரைந்தால் அது நேராகவே நிற்கும். உண்மையான சுவர் மேலே போகப்போக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கலாம், நடுவில் உப்பியிருக்கலாம். பொறியாளருக்குத் தேவை அந்தக் கோணல்தான். எனவே ஸ்கேன் புள்ளிகளிலிருந்து மாதிரி எங்கே, எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று குறித்துத் தர ஒப்பந்தத்தில் நிபந்தனை வேண்டும். மூலத் தரவையும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய கோப்பு வடிவில் துறையே பெற்று வைத்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் ஹார்ட் டிஸ்க்கோடு அது போய்விடக் கூடாது.

காரைக்குள் இருப்பது ஸ்கேனருக்குத் தெரியாது. உள்ளே கரையான் அரித்த உத்தரமும் வெளியே நல்லதாகவே பதிவாகும். அதைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள கொத்தனாரையும் தச்சரையும் நேரில் பார்க்கச் சொல்வது இதனால் நின்றுவிடக் கூடாது.

இனி அழைக்கப்படும் ஒப்பந்தப்புள்ளிகளிலிருந்தே இவற்றைச் சேர்க்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டட வரைவாளர்