காலியிடத்தையும் கோட்டில் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் பின்ன அளவுகளுக்கு வரைந்திருந்த புள்ளி வரைபடத்தில் (எண்கோட்டின் மேல் ஒவ்வோர் அளவுக்கும் எத்தனை பேர் என்று குறியிட்டுக் காட்டும் படம்) 1/8, 1/4, 1/2, 3/4, 1 ஆகிய ஐந்தும் சம இடைவெளியில் நிற்கின்றன. இது பெரிய பிழை. அரைக்காலிலிருந்து (1/8) கால் வரை உள்ள தூரத்தைப் போல இருமடங்கு, காலிலிருந்து அரை வரை. எண்கோடு அதைக் காட்டியே ஆக வேண்டும்.

தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது நம் மதுரை அண்ணா நகரில்தான். அங்கே 12 பேர் சின்ன வெங்காயம் வாங்குவதாகக் கொள்வோம். 1/8 கிலோ இருவர், 1/4 நால்வர், 1/2 மூவர், 3/4 இருவர், 1 கிலோ ஒருவர்.

16 செ.மீ. நீளத்தில் கோடு போட்டு, இடது முனையில் 0, வலது முனையில் 1 எழுதி, 2 செ.மீ.க்கு ஒரு குறி இடவும். எட்டுப் பாகத்துக்கு இரு முனைகளையும் சேர்த்து ஒன்பது குறிகள் வேண்டும். பிள்ளைகள் எட்டுக் குறியோடு நிறுத்திவிடுவார்கள். ஏழு பாகம்தான் கிடைக்கும். 3/8, 5/8, 7/8 யாரும் வாங்காத அளவுகள். ஆனாலும் அவற்றுக்கு இடம் விட வேண்டும். காலே அரைக்கால், அரையே அரைக்கால், முக்காலே அரைக்கால் என்று சொல்லிப் பழக்கினால், 8 பெரிய எண் என்பதால் 1/8தான் 1/4-ஐ விடப் பெரிது என்று நினைக்கும் குழப்பமும் குறையும். அவரவர் வாங்கிய அளவுக்கு மேலே ஆளுக்கு ஒரு பெருக்கல் குறி, ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே அளவில். கட்டத்தாள் இதற்கு நல்லது. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் போட்டால் மூன்று குறிகள் நான்கைவிட உயரமாகத் தெரியும். முடித்ததும் எண்ணிப் பார்த்தால் 12 வர வேண்டும்.

முகடு (அதிகம் பேர் வாங்கிய அளவு) 1/4, வீச்சு (மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம்) 7/8: பார்த்த உடனே சொல்லிவிடலாம். சிறிய அளவிலிருந்து எண்ணினால் ஆறாவது பெருக்கல் குறி 1/4-லும் ஏழாவது 1/2-லும் இருப்பதால், இரண்டுக்கும் நடுவில் வரும் இடைநிலை அளவு 3/8. பெருக்கல் குறியே இல்லாத இடத்தில் விடை வந்து நிற்கிறது! உங்கள் படத்தில் அந்த இடமே கிடையாது.

மொத்த எடை கேட்டால், கோட்டில் உள்ள ஐந்து எண்களை மட்டும் கூட்டி 2 5/8 என்பார்கள். ஒவ்வோர் அளவையும் அதன் மேலுள்ள குறிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்: 1/4 + 1 + 1 1/2 + 1 1/2 + 1 = 5 1/4 கிலோ. 12 பேரும் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 7/16 கிலோ, அதாவது 437.5 கிராம். இது 3/8-க்கும் 1/2-க்கும் நட்டநடுவில் விழும்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் படத்தை அப்படியே நோட்டில் வரைந்துகொள்வார்கள். அடுத்த இதழிலேயே சரியான இடைவெளியோடு திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர், மதுரை