மாதனூர் சாலையில் என்னைத் தூக்கி எடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். அதற்கு வழியில்லாததால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். 2024 ஜூலை 8, திங்கட்கிழமை காலை ஏழு மணியளவில், வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் மாதனூரைத் தாண்டியதும், பச்சை நிற புல்லட்டோடு சாலையோரத்தில் விழுந்து கிடந்த ஐம்பத்தாறு வயதுக்காரன் நான்தான். இப்போது நன்றாக இருக்கிறேன். ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன். இதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம்.

என் ஊர் கணியம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமம். கம்மவான்பேட்டையைப் போல, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய ஊர்கள் நிறைந்த பகுதி அது. 1987இல் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சேர்ந்து, ஜபல்பூரில் பயிற்சி முடித்து, 24 ஆண்டுகள் பணியாற்றி, 2011இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை டி.ஆர். ஆகக் கழித்தேன். டெஸ்பாட்ச் ரைடர் என்பதன் சுருக்கம் அது. கம்பியிலும் ரேடியோவிலும் அனுப்பக் கூடாத கடிதங்களையும் வரைபடங்களையும் தோல் பையில் போட்டுக்கொண்டு, ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் டி.ஆர். 1999 கோடையில் நான் கார்கில் பகுதியில் இருந்தேன். தோலோலிங் மலையிலும் டைகர் ஹில்லிலும் எதிரி உட்கார்ந்துகொண்டு ஸ்ரீநகர்–லே சாலையைக் கண்காணித்துப் பீரங்கியால் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், இரவில் முகப்பு விளக்கைப் போடாமல், முன்னால் போகும் வண்டியின் நிழலைப் பார்த்து ஓட்டிய சாலை அது.

அந்தச் சாலைக்கு, வெற்றி பெற்ற இருபத்தைந்தாம் ஆண்டில், கார்கில் வெற்றி நாளான ஜூலை 26க்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓய்வு பெற்ற நண்பர்கள் ஆறு பேர் ஓராண்டாகத் திட்டமிட்டோம். தோலோலிங்கின் அடிவாரத்தில், திராஸ் நினைவிடத்தில், பெயர்கள் பொறித்த சுவரின் முன்னால் நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டு வர வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எங்களுக்கு இல்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில், புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள், எங்கள் மாவட்டத்து வாசம் போகுமுன்பே என் பங்கு முடிந்துவிட்டது. வலப்புறம் முந்திய ஒரு லாரி என்னை முழுதாகக் கடப்பதற்குள் இடப்புறம் ஒதுங்கியது. அதன் பின்பகுதி என் வலது காலில் இடித்ததும், வண்டி சறுக்கிப் போய்த் தடுப்பில் மோதியதும் நினைவிருக்கிறது. லாரி நிற்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. நின்றவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதலில் நின்றது ஒரு காலணித் தொழிற்சாலையின் பேருந்து. ஆம்பூர்ப் பக்கம் காலை நேரத்தில் அப்படி எத்தனையோ பேருந்துகள் சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போவதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அவற்றைப் பற்றி நின்று நினைத்ததில்லை. அன்று அதிலிருந்து ஐந்தாறு சகோதரிகள் இறங்கி ஓடி வந்தார்கள். நல்லெண்ணத்தோடு யாரோ என் ஹெல்மெட்டைக் கழற்றக் கை வைத்தபோது, "மூச்சு நல்லா இருக்கு, கழுத்தை அசைக்காதீங்க, ஆம்புலன்ஸ் வரட்டும்" என்று தடுத்தது அவர்களில் ஒருவர். தேநீர்க் கடை அக்கா பதறிப்போய்ச் சோடாவை உடைத்துக் கொண்டுவந்தபோது, "ஆப்பரேஷன் பண்ண வேண்டி வரும், வாயில எதுவும் ஊத்தாதீங்கக்கா" என்றதும் அதே குரல்தான். தொழிற்சாலையில் முதலுதவிப் பயிற்சி பெற்றவராக அவர் இருக்க வேண்டும். பயிற்சி பெறுவது ஒன்று, தேவைப்படும் நிமிடத்தில் அது கைக்கு வருவது வேறொன்று என்று படையில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். அந்தச் சகோதரிக்கு வந்தது.

அடுத்து அவர்கள் செய்ததை இன்றும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. பேருந்துக்குள்ளிருந்து காலணி அடுக்கும் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து, பிரித்து, நீளவாக்கில் மூன்றாக மடித்து, என் வலது காலின் இரு பக்கமும் அணைகொடுத்து வைத்தார்கள். கட்டுவதற்குக் கயிறு தேடியபோது, ஒரு பெண் தன் சீருடையின் அரக்கு நிறத் துப்பட்டாவை உருவி, முழங்காலுக்கு மேலே ஒரு சுற்றும் கணுக்காலுக்கு அருகே ஒரு சுற்றுமாகக் கட்டினார். இருபது வயதுகூட இருக்காது. கை நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் முடிச்சு நெகிழவில்லை. ஆம்பூர் மருத்துவமனையில் கட்டைப் பிரித்த மருத்துவர், எலும்பு இன்னும் விலகிச் சதையைக் கிழிக்காமல் தடுத்தது இந்த அட்டைதான் என்று என் மனைவியிடம் சொன்னார்.

அவர்கள் வேலைக்கு நேரமாகிவிட்டது. 108 ஆம்புலன்ஸில் என்னை ஏற்றியதும் பேருந்து கிளம்பிவிட்டது. அங்கு வந்த காவலர், உதவியவர்களின் பெயரைக் கேட்டபோது சிலர் தயங்கினார்கள். "சொல்ல விருப்பமில்லைன்னா வேண்டாம்மா, கட்டாயமில்லை" என்று அவரே சொல்லிவிட்டார். அந்தக் காவலருக்கும் என் நன்றி. விபத்தில் உதவியவரைப் பெயரும் முகவரியும் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகள் சொல்கின்றன. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. சாட்சிக்கு அலைய வேண்டி வருமோ என்ற பயத்தில் அடிபட்டவனைத் தாண்டிப் போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பதால் இதை இங்கே எழுதி வைக்கிறேன். அந்தச் சட்டம் சரியானது என்று முழு மனத்தோடு சொல்வேன்; என்னைக் காப்பாற்றியவர்கள் யார் என்று தெரியாமல் போனதற்கு அதுவே காரணம் என்றாலும் சொல்வேன்.

108இல் வந்த தம்பிக்கும் ஓட்டுநருக்கும் நன்றி. என் வண்டிச் சாவியில் கோத்திருந்த பழைய ராணுவ அடையாள வில்லையைப் பார்த்து, அதில் பொறித்திருந்த ஓ நெகட்டிவ் என்ற ரத்த வகையை மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னவர் அந்தத் தம்பி. மருத்துவமனையில் மறுபடியும் சோதித்துத்தான் ஏற்றினார்கள் என்றாலும், கிடைப்பதற்கு அரிய அந்த வகையை அரை மணி நேரம் முன்னதாகவே தேடத் தொடங்க முடிந்தது. ரத்தம் கொடுத்த இருவரையும் நான் பார்த்ததில்லை. ஒருவர் கல்லூரி மாணவர் என்று மட்டும் சொன்னார்கள். தம்பி, உங்கள் ரத்தம் இப்போது நன்றாக வேலை செய்கிறது.

ஆம்பூரில் முதலில் சேர்த்த தனியார் மருத்துவமனையில் யாரும் எங்களிடம் முன்பணம் கேட்கவில்லை, காப்பீட்டு அட்டை எங்கே என்றும் கேட்கவில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும் என்பது அன்றுவரை எனக்குச் செய்தித்தாளில் படித்த ஒரு வரி. மறுநாள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றி, முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்த எலும்புக்குள் கம்பி வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. வார்டைத் தினமும் இருமுறை துடைத்த அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தூக்கம் வராத இரவுகளில், "மிலிட்டரிக்காரர் வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா? சொல்லுங்கய்யா, நர்ஸைக் கூப்பிடறேன்" என்று அவர் அதட்டிய பிறகுதான் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வந்தது.

என்னோடு புறப்பட்ட ஐந்து நண்பர்களும் பயணத்தை நிறுத்தத் தயாராக இருந்தார்கள். போகச் சொன்னது நான்தான், போனதற்கு நன்றி. ஜூலை 26 காலை, பத்தாயிரம் அடிக்கு மேல் உள்ள திராஸிலிருந்து, சிக்னல் விட்டுவிட்டுக் கிடைத்த வீடியோ அழைப்பில், அந்தச் சுவரில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக நகர்த்திக் காட்டினார்கள். கார்கில் போரில் படாலிக்கில் வீழ்ந்த திருச்சி மண்ணின் மைந்தர் மேஜர் சரவணனின் பெயர் வந்தபோது நிறுத்தச் சொன்னேன். படுத்தபடியே, கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த நிலையில், இடது கையால் சல்யூட் அடிப்பது முறையில்லை என்பதால் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து மாதங்கள் கட்டில்தான். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் பாலிகிளினிக்கில் பிசியோதெரபிக்கான பரிந்துரையை வாங்குவது முதல் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது வரை அனைத்தையும் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற சுபேதார் ஐயா பார்த்துக்கொண்டார். நவம்பரில் ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. ஓர் அலுவலகத்தில், ஆள் நேரில் வந்தாக வேண்டும் என்று என் மனைவியை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். விஷயத்தைக் கேள்விப்பட்ட எங்கள் ஊர் அஞ்சல்காரர், அஞ்சல் துறை வங்கி வழியாக வீட்டிலேயே செய்யலாம், 70 ரூபாய்தான் என்று சொல்லி, மாலையில் கருவியோடு வந்துவிட்டார். ஆண்டுக்கணக்காகக் கிரீசிலும் பெட்ரோலிலும் தேய்ந்த என் விரல் ரேகையை அந்தக் கருவி மூன்று முறை ஏற்கவில்லை. அவர் பொறுமையாக என் விரல்களை ஈரத்துணியால் துடைத்து, நான்காவது விரலை வைத்து, "ஐயா உயிரோட இருக்கீங்கன்னு கவர்மென்ட் ஒத்துக்கிச்சு" என்று சொன்னபோது, பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

அடுத்த வீட்டுப் பையனைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. என் வண்டி 1996இல் ராணுவக் கேன்டீன் வழியாக வாங்கியது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பட்டன் கிடையாது, மிதித்துத்தான் உயிர் கொடுக்க வேண்டும். முன் ஃபோர்க்கை நேராக்கி, கூலி வாங்க மறுத்து, வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுப் போன மெக்கானிக் பாய், வாரம் ஒருமுறையாவது இன்ஜினை ஓட விடுங்கள், இல்லையென்றால் கெட்டுவிடும் என்று சொன்னார். யார் மிதிப்பது? பதினேழு வயதுப் பையன், இந்தக் காலத்து வண்டி மட்டுமே பார்த்தவன், தானாக முன்வந்தான். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கட்டிலில், அவன் அந்தப் பக்கம் வாசலில். "சாவியைப் போடு. மெதுவா கிக்கரை அமுக்கு. மீட்டர்ல முள் இடப்பக்கம் சாயும், அமுக்கிக்கிட்டே போ, நடுவுக்கு வந்ததும் நிறுத்து. இப்போ இன்ஜின் அழுத்தத்தைக் குறைக்கிற அந்த டிகம்ப்ரசர் லீவரைப் பிடிச்சுக்கிட்டு கிக்கரைக் கொஞ்சூண்டு தள்ளு. விட்டுடு. இப்போ மிதி." முதல் ஞாயிற்றுக்கிழமை இருபத்து மூன்று முறை மிதித்தான். கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிப் போனது. அடுத்த ஞாயிறும் வந்தான். நான்காவது ஞாயிறு இரண்டாவது மிதியில் வண்டி எழுந்தது. அந்தச் சத்தம் ஜன்னல் கம்பி வழியாக வந்து கட்டிலில் அதிர்ந்தபோது என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டலாமா தாத்தா என்று அவன் கேட்டதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. ஊர் தூங்கும் நேரத்தில் தெருவைக் கிழித்துக்கொண்டு போவதற்காகச் செய்யப்பட்ட வண்டி அல்ல அது.

என் கணுக்கால் இப்போது மேல்நோக்கி முழுதாக மடங்காது. முதல் கியருக்கு லீவரைக் காலால் மேலே தூக்க வேண்டும் என்பதால், இனி ஓட்ட முடியாது என்றுதான் நினைத்தேன். மெக்கானிக் பாய் இரண்டு நாள் யோசித்து, நியூட்ரலுக்கென்று பின்னால் இருந்த சின்ன லீவரைக் கழற்றிவிட்டு, குதிகாலால் அமுக்கினால் முன்பக்கம் மேலே எழும்படி கியர் லீவரில் ஒரு துண்டைப் பற்றவைத்துக் கொடுத்தார். சென்ற மாதம் கணியம்பாடி வரை போய் வந்தேன். மிதித்துக் கொடுத்தது அந்தப் பையன்.

இருபத்து நான்கு ஆண்டுகள் நான் எல்லையில் இருந்தபோது தனியாகக் குடும்பத்தை நடத்தி, இப்போது ஓராண்டு என்னையும் சுமந்த என் மனைவிக்கு இந்த மடலில் நன்றி சொன்னால் கோபப்படுவாள். ஆகவே அவள் சொல்லச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அந்த அரக்குத் துப்பட்டாவில் இருந்த கறையை மூன்று முறை ஊறவைத்துப் போக்கி, மடித்து, பீரோவில் வைத்திருக்கிறாள். சீருடைத் துப்பட்டா இல்லாமல் அன்று வேலைக்குப் போனதற்கு அந்தப் பெண்ணை யாராவது திட்டினார்களோ என்று அவள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வரும் ஜூலை 8 காலை ஆறரை மணியிலிருந்து, மாதனூரைத் தாண்டிய அந்தத் தேநீர்க் கடையில் நாங்கள் இருவரும் துப்பட்டாவோடு உட்கார்ந்திருப்போம். பச்சை நிற புல்லட் வெளியே நிற்கும். பேருந்தை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள், அம்மா.

இப்படிக்கு,
உங்களால் எழுந்து நடக்கும்
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
கணியம்பாடி வட்டாரம், வேலூர் மாவட்டம்.